அடியிடை நிறுத்தம்: செய்யுளிலும் இசையிலும்

செய்யுளின் ஓர் அடியைப் படிக்கும்போதோ பாட்டின் ஒரு வரியைப் பாடும்போதோ, அடி முடியும் முன்பே குரல் சற்று நின்று மீண்டும் தொடர்வது அடியிடை நிறுத்தம் ஆகும். மூச்சு வாங்குவதற்கு மட்டும் உரிய இடம் அன்று அது. பொருளைப் பிரித்துக் காட்டுவதும், ஓசையை அளந்து தருவதும், அடுத்து வருவதைக் கேட்போர் எதிர்பார்க்கச் செய்வதும் அதன் பணிகள். செய்யுளில் நிறுத்தம் யாப்போடும் பொருளோடும் தொடர்புடையது. இசையில் தாளத்தோடு தொடர்புடையது. இரண்டிலும் அது வெறுமை அன்று, அளவுடைய ஓர் உறுப்பு.

பெயர்கள்

வடமொழி யாப்பில் அடியின் நடுவே நிற்கும் இடத்திற்கு 'யதி' என்று பெயர். யதி தவறுவது பத்து வகைக் குற்றங்களுள் ஒன்று எனத் தண்டி ஆசிரியரின் காவியாதரிசம் கூறும். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த தண்டியலங்காரமும் 'யதி வழு' என்பதைச் செய்யுட் குற்றங்களில் ஒன்றாக வைத்துள்ளது. இசைத்துறையில் அறுதி, கார்வை, விச்ராந்தி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. தமிழ் யாப்பில் இதற்கெனத் தனி உறுப்பு ஒன்று சொல்லப்படவில்லை. ஆயினும் சீர், மோனை, தனிச்சொல், அரையடி, தொங்கல் ஆகியவை ஒவ்வொன்றும் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் அடையாளங்களாகவே அமைந்துள்ளன.

நிறுத்தம் மாறினால் பொருள் மாறும்

எழுத்து ஒன்றாகவே இருந்து பொருள் மட்டும் வேறுபடும் தொடர்களை, ஒலிக்கும் முறையால்தான் பிரித்தறிய வேண்டும் என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் கூறுகிறது. இதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு 'செம்பொன்பதின்தொடி' என்பது. 'செம்பொன்' என்று நிறுத்திப் 'பதின்தொடி' என்றால், சிவந்த பொன் பத்துத் தொடி எடை என்று பொருள். 'செம்பு' என்று நிறுத்தி 'ஒன்பதின்தொடி' என்றால், செம்பு ஒன்பது தொடி என்று பொருள். எழுத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. நின்ற இடம் மாறியதும் பொன் செம்பாகிவிட்டது; பத்தும் ஒன்பதாகிவிட்டது.

'குன்றேறாமா' என்பது மற்றோர் எடுத்துக்காட்டு. 'குன்று ஏறு ஆமா' என்றால் குன்றில் ஏறும் காட்டுப்பசு. 'குன்று ஏறா மா' என்றால் குன்றில் ஏறாத விலங்கு. ஒன்று மற்றதற்கு நேர் எதிர்.

அன்றாடப் பேச்சிலும் இதைக் காணலாம். "நேற்று வந்த மாணவனிடம் சொன்னேன்" என்னும் தொடரில் 'நேற்று' என்பதன் பின் நின்றால், சொன்னது நேற்று. 'மாணவனிடம்' என்பதன் பின் நின்றால், மாணவன் வந்தது நேற்று. பேச்சில் கேட்பவர் திரும்பக் கேட்டுத் தெளிவு பெறலாம். செய்யுளில் அந்த வாய்ப்பு இல்லை. பாடியவர் எதிரே இல்லாதபோது, நிறுத்தத்தை அறிந்து படிப்பதே அவர் கருத்தை அடையும் வழி.

சீர்ப்பிரிப்பும் சொற்பிரிப்பும்

தமிழ்ச் செய்யுளைப் படிக்கும் மாணவர் முதலில் சந்திக்கும் இடர், சீர் நிற்கும் இடமும் சொல் நிற்கும் இடமும் வேறாக இருப்பதுதான். ஓசைக்காகச் சொல்லைப் பிளந்து சீராக்குவது 'வகையுளி' எனப்படும். விளக்கத்திற்காக இயற்றப்பட்ட கீழ்வரும் குறள் வெண்பாவைப் பார்க்கலாம்.

நில்லா தொழுகும் இசையில் நிறைவில்லை
சொல்லாத சொல்லே சுவை

முதற்சீர் 'நில்லா', இரண்டாம் சீர் 'தொழுகும்'. ஆனால் சொற்கள் 'நில்லாது', 'ஒழுகும்' என்பனவே. 'நில்லாது' என்பதன் இறுதியிலுள்ள குற்றியலுகரம் கெட்டு, எஞ்சிய 'த்' என்னும் மெய் 'ஒ' என்னும் உயிரோடு சேர்ந்து 'தொ' ஆயிற்று. சீர்தோறும் நிறுத்திப் படிக்கும் மாணவர் 'தொழுகும்' என்பதைத் தனிச்சொல்லாக எண்ணி, தொழுதலோடு தொடர்புபடுத்திக் குழம்புவது இயல்பு.

சொல்லாகப் பிரித்துவிட்டால் போதுமே என்று தோன்றலாம். அப்படிப் பிரித்து 'நில்லாது' என்பதை ஒரு சீராகக் கொண்டால் அது 'தேமாங்காய்' ஆகும். அடுத்து வரும் 'ஒழுகும்' நிரையசையில் தொடங்குகிறது. காய் முன் நிரை வந்தால் அது கலித்தளை. வெண்பாவில் கலித்தளை வரக்கூடாது. பொருள் தெளிந்தது, ஆனால் யாப்பு உடைந்தது. 'நில்லா' என்று தேமாவாக நின்றால், மா முன் நிரை வந்து இயற்சீர் வெண்டளை அமைகிறது.

ஆகவே இரண்டு பிரிப்பும் தேவை. அலகிடுவதற்குச் சீர்ப்பிரிப்பு, பொருள் உணர்வதற்குச் சொற்பிரிப்பு. அலகிட்டு வாய்பாடு எழுதத் தெரிந்த மாணவர் பலர், அதே செய்யுளை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தடுமாறுவதற்குக் காரணம், முதலாவதை மட்டும் பழகி இரண்டாவதைப் பழகாமல் விடுவதே.

நன்னூல் கூறும் எட்டுவகைப் பொருள்கோளும் இவ்விடத்தில் துணைசெய்யும். ஆற்றுநீர்ப் பொருள்கோளில் பொருள் தொடர்ந்து செல்வதால் நிறுத்தங்கள் எளிதாக அமையும். தாப்பிசையில் நடுவில் நிற்கும் சொல், ஊசலைப் போல முன்னும் பின்னும் சென்று பொருள் தரும். அச்சொல்லை ஒரு பக்கத்தோடு மட்டும் ஒட்டி நிறுத்திவிட்டால் மறுபக்கம் பொருளின்றிப் போகும்.

பாவகைகளில் நிறுத்தம்

வெண்பா: நான்கு சீர் கொண்ட அளவடியில் முதற்சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை அமைவது 'பொழிப்பு மோனை'. அது அடியை இரண்டிரண்டு சீராகப் பகுத்து, நடுவில் இயல்பான ஒரு நிறுத்தத்தைத் தருகிறது. நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் நான்காம் சீர் 'தனிச்சொல்' ஆகும். அச்சில் அதற்கு முன் ஒரு சிறு கோடு இடுவது வழக்கம். எடுத்துக்காட்டாக இயற்றப்பட்ட ஒரு வெண்பா:

ஓடும் நதிக்கும் ஒருமடு உண்டன்றோ
பாடும் அடிக்கும் படியுண்டு - நாடித்
திருத்தமாய் நின்றுரைக்கும் தேர்ந்தவர்தம் சொல்லே
கருத்தில் பதியும் கலை

இதில் ஓடும் - ஒருமடு, பாடும் - படியுண்டு, திருத்தமாய் - தேர்ந்தவர்தம், கருத்தில் - கலை என நான்கு அடிகளிலும் பொழிப்பு மோனை வந்துள்ளது. 'நாடி' என்னும் தனிச்சொல் எதுகையால் ஓடும், பாடும் என்ற முன்னடிகளோடு இணைகிறது. பொருளால் 'திருத்தமாய் நின்றுரைக்கும்' என்ற பின்னடியோடு சேர்கிறது. ஓசை பின்னே இழுக்க, பொருள் முன்னே இழுக்கும் இந்த இடத்தில் குரல் நின்றுதான் ஆகவேண்டும். 'படியுண்டு' என்று நிறுத்தி, 'நாடி' என்பதைச் சற்று நீட்டி, அடுத்த அடிக்குச் செல்வதே வெண்பா படிக்கும் முறை. அச்சிலுள்ள சிறு கோடு அழகுக்காக இடப்பட்டது அன்று. படிப்பவருக்கான குறிப்பு அது.

விருத்தம்: ஆசிரிய விருத்தத்தின் அடிகள் நீளமானவை. அறுசீர் விருத்தத்தில் மூன்று சீருக்குப் பின்னும், எழுசீரிலும் எண்சீரிலும் பெரும்பாலும் நான்கு சீருக்குப் பின்னும் அரையடி முடியும். அடுத்த அரையடியின் தொடக்கத்தில் மோனை வரும்.

கதிரவன் மறையும் நேரம் / கழனியில் காற்று வீசும்

இது விளம், மா, தேமா என்னும் அமைப்பு இருமுறை வரும் அறுசீர் அடி. 'கதிரவன்', 'கழனியில்' என்னும் மோனை, அரையடி எங்கே முடிந்தது என்பதைக் காதுக்குச் சொல்லிவிடுகிறது. நூல்களில் இரண்டாம் அரையடியை உள்தள்ளி அச்சிடுவதும் இதற்காகவே.

சந்தப்பா: அருணகிரிநாதரின் திருப்புகழில் சந்தம் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வோர் அடியின் இறுதியிலும் 'தொங்கல்' என்னும் சிறு துண்டில் வந்து நிற்கும். விரைந்து ஓடும் சந்தத்திற்கு அதுவே இளைப்பாறும் இடம்.

சிந்து: காவடிச்சிந்து, நொண்டிச்சிந்து முதலிய சிந்துப் பாக்களில் தாளம் கணக்கிட்டு நடப்பதால், எழுத்தில் இல்லாத இடத்தையும் நிரப்பியாக வேண்டும். அங்கே அசை நீளும். எழுதியதை மட்டும் எண்ணினால் தாளம் குறைவது போலத் தோன்றும். பாடினால் சரியாக இருக்கும்.

மேற்கண்டவற்றிலிருந்து ஒன்று விளங்கும். தமிழ்ச் செய்யுளில் நிறுத்தம் பெரும்பாலும் முழு மௌனமாக இருப்பதில்லை. முன்னுள்ள நெடிலோ மெல்லின இடையின மெய்யோ நீண்டு அந்த இடத்தை நிரப்புகிறது. ஓசை குறையும் இடத்தில் உயிரெழுத்து நீள்வதை 'இசைநிறை அளபெடை' என்று இலக்கணமே ஏற்றுக்கொண்டுள்ளது.

பிறமொழி யாப்புகளில்

வடமொழியில் யதி எண்ணிக்கையாகவே வகுக்கப்பட்டுள்ளது. காளிதாசரின் மேகதூதம் அமைந்துள்ள மந்தாக்கிராந்தா என்னும் விருத்தத்தில் அடிக்கு 17 அசைகள். 4, 6, 7 எனப் பிரிந்து நிற்கும். சார்தூலவிக்ரீடிதத்தில் அடிக்கு 19 அசைகள். 12, 7 எனப் பிரியும். பிரெஞ்சு மொழியின் அலெக்சாந்திரின் என்னும் 12 அசை அடி, செவ்வியல் முறையில் 6, 6 எனப் பிரிகிறது. இலத்தீன் மொழியின் ஆறு சீர்க் காப்பிய அடியில் மூன்றாம் சீரின் உள்ளே சொல் முடிந்து நிறுத்தம் வருவது பெருவழக்கு. அங்கே சீர் முடியும் முன்பே சொல் முடிகிறது. சீரும் சொல்லும் ஒரே இடத்தில் முடியாமல் பின்னிச் செல்வதால்தான் அடி துண்டுகளாக உடையாமல் ஒரே ஓட்டமாக நிற்கிறது. தமிழ் வகையுளியின் பயனும் இதுவே.

இசையில் நிறுத்தம்

கருநாடக இசையில் தாளம் இடைவிடாமல் நடக்கும். பாட்டு நிற்கலாம், தாளம் நிற்காது. எனவே இங்கு ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் கணக்கு உண்டு.

எடுப்பு: தாளம் தொடங்கும் இடமும் பாட்டு தொடங்கும் இடமும் ஒன்றானால் சம எடுப்பு. தாளம் தொடங்கிய பின் பாட்டு தொடங்கினால் அனாகத எடுப்பு. முன்பே தொடங்கினால் அதீத எடுப்பு. அனாகத எடுப்பில் முதல் தட்டு விழும்போது பாடகர் வாய் திறப்பதில்லை. அந்த அரை இடமோ முக்கால் இடமோ பாட்டின் ஒரு பகுதியே. அதை விழுங்கிவிட்டு முன்னே எடுத்தால் பாட்டு முழுவதும் தாளத்திலிருந்து விலகிவிடும்.

கார்வை: ஒரு சுரத்தையோ சொற்கட்டையோ அடுத்து, ஒலி நீண்டோ மௌனமாகவோ நிற்கும் கால அளவு கார்வை. சுரத்தாளில் ஒரு மாத்திரைக்குக் காற்புள்ளியும் இரண்டு மாத்திரைக்கு அரைப்புள்ளியும் இடப்படும். மிருதங்கத்தில் ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிக்கும் தீர்மானத்தில் இதன் கணக்கு நன்றாக விளங்கும்.

ஆதி தாளத்தில் 8 எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு 4 மாத்திரை என்றால் ஓர் ஆவர்த்தனத்திற்கு 32 மாத்திரை. 'ததீகிணதொம்' என்னும் சொற்கட்டு, தீ இரண்டு மாத்திரையும் மற்றவை ஒவ்வொரு மாத்திரையும் பெற்று, 6 மாத்திரை ஆகும். மூன்று முறைக்கு 18. இடையில் வரும் இரண்டு கார்வைகளுக்கும் தலா 3 மாத்திரை வைத்தால் 6. மொத்தம் 24 மாத்திரை, அதாவது 6 எண்ணிக்கை. எனவே இரண்டு எண்ணிக்கை விட்டு மூன்றாவதில் தொடங்கினால், தீர்மானம் ஆவர்த்தனத்தின் முடிவில் முடிந்து, அடுத்த தட்டு சமத்தில் விழும். ஒவ்வொரு கார்வையிலும் ஒரு மாத்திரை குறைந்தால் மொத்தம் 22 ஆகிவிடும். அரை எண்ணிக்கை முன்பே முடிந்துவிடும். வாசித்த 18 மாத்திரையில் பிழை இல்லை. வாசிக்காத இடத்தில்தான் பிழை. பயிலும் மாணவர்கள் கார்வையையும் கையில் தாளம் போட்டு எண்ணிப் பழக வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அறுதி: ராகம் தானம் பல்லவியில் பல்லவி வரி இரண்டு பகுதிகளை உடையது. முதற்பகுதி முடிந்து இரண்டாம் பகுதி தொடங்கும் முன் நிற்கும் இடம் அறுதி அல்லது பதகர்ப்பம். ஆதி தாளத்தில் பெரும்பாலும் லகு முடிந்து முதல் துருதம் தொடங்கும் தட்டில் இது விழும். அந்த இடத்தில் சொல் நிறைவாக நின்றால்தான் பின்பு செய்யும் நிரவலும் காலமாற்றமும் தெளிவாக அமையும்.

'யதி' என்ற சொல் இசையில் வேறு பொருளில் வழங்குகிறது என்பதை மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும். தாள தசப் பிராணங்களுள் ஒன்றான யதி, சொற்கட்டுகள் வளர்ந்தும் குறைந்தும் வரும் வடிவத்தைக் குறிக்கும். சமம், கோபுச்சம், ஸ்ரோதோவகம், மிருதங்கம், டமரு, விஷமம் என அது ஆறு வகைப்படும். பசுவின் வாலைப் போல வரவரக் குறைவது கோபுச்சம். ஆற்றைப் போல வரவர விரிவது ஸ்ரோதோவகம். செய்யுளின் யதியோடு இதை ஒன்றாகக் கொள்ளக்கூடாது.

மேலை இசையில் ஒவ்வொரு கால அளவுக்கும் ஒலிக்குறி ஒன்று இருப்பது போல, அதே அளவு மௌனத்திற்கும் தனிக்குறி உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1952இல் வெளியிட்ட 4 நிமிடம் 33 விநாடி என்னும் ஆக்கத்தில் இசைக்கலைஞர் எதையுமே வாசிப்பதில்லை. மௌனத்தையும் இசையின் பொருளாகக் கொள்ளும் எண்ணத்தின் எல்லை அது எனலாம்.

தாளமின்றிப் பாடும்போது

தாளத்தின் துணை இல்லாதபோது நிறுத்தத்தின் பொறுப்பு முழுவதும் பாடுபவரிடம் வந்துவிடுகிறது. திருநாவுக்கரசரின் திருத்தாண்டகங்களை ஓதுவார்கள் தாளமின்றிச் சுத்தாங்கமாகப் பாடுவர். கச்சேரிகளில் பாடும் விருத்தமும் இத்தகையதே. இங்கு எங்கே நிற்பது என்பதைச் சொல்லும் பொருளும் அரையடியும் முடிவுசெய்கின்றன. பொருள் அறியாமல் மூச்சு முட்டிய இடத்தில் நின்றால் சொல் இரண்டாகப் பிளந்துவிடும். இராகம் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் பாட்டு கேட்பவர் நெஞ்சில் சேராது. பதம் பிரித்துப் பாடுதல் என்று மூத்த பாடகர்கள் வற்புறுத்துவது இந்த அறிவையே.

ஓலையிலிருந்து அச்சுக்கு

ஓலைச்சுவடிகளில் செய்யுளை அடி பிரிக்காமல், சொல் பிரிக்காமல், நிறுத்தக்குறியும் இல்லாமல் தொடர்ந்து எழுதினர். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. நிறுத்தங்கள் ஏட்டில் இல்லை. ஆசிரியர் வாயிலும் மாணவர் செவியிலும் இருந்தன. எதுகை, மோனை, தளை ஆகியவற்றைக் கொண்டே அடியின் எல்லையைக் கண்டுகொண்டனர். பாடம் கேட்டல் என்னும் முறை அறுந்தால் ஏடு இருந்தும் பாட்டு விளங்காத நிலை ஏற்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறுத்தக்குறிகள் ஐரோப்பியர் தொடர்பால் அச்சு வழியாகத் தமிழுக்கு வந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் அவற்றை முறையாகப் பயன்படுத்தினார். கால், அரை, முக்கால், முற்று என்று அக்குறிகளுக்கு அமைந்த தமிழ்ப் பெயர்களே நிறுத்தத்தின் அளவைச் சொல்வன. 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகள் பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் தந்தன. புலவரிடம் பாடம் கேட்க வாய்ப்பில்லாதவர்களும் தாமே படித்துப் பொருள் உணர அவை வழிசெய்தன. ஓசை குலைகிறது என்ற எதிர்ப்பும் இம்முறைக்கு உண்டு. இரு தரப்பும் காக்க விரும்பியது நிறுத்தத்தையே. ஒருவர் பொருளின் நிறுத்தத்தை, மற்றவர் ஓசையின் நிறுத்தத்தை.

சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் வழியாகப் பரவிய புதுக்கவிதையில் சீரும் தளையும் இல்லை. அங்கே வரியை எங்கே முறிப்பது என்பதே நிறுத்தத்தின் வேலையைச் செய்கிறது.

படிக்கும் முறை

செய்யுளை வாய்விட்டுப் படிக்கப் பழகும் மாணவர்களுக்குக் கீழ்வரும் படிநிலைகள் உதவும்.

1. அச்சில் உள்ளபடி சீர்சீராக ஒருமுறை மெதுவாகப் படித்து, எதுகை மோனைகளைக் காதால் கண்டறிதல்.
2. வகையுளியால் பிளந்த சொற்களைச் சேர்த்தும், சந்தியால் இணைந்த சொற்களைப் பிரித்தும் உரைநடையாக எழுதுதல்.
3. எழுவாய், பயனிலை எவை என்று கண்டு, பொருள் முடியும் இடங்களில் பென்சிலால் சிறு கோடு இடுதல்.
4. தனிச்சொல், அரையடி, தொங்கல் ஆகிய யாப்பு நிறுத்தங்களை வேறு குறியால் காட்டுதல்.
5. இரண்டு குறிகளும் ஒரே இடத்தில் விழுந்தால் நன்றாக நிற்றல். யாப்புக் குறி மட்டும் இருந்தால் குரலைத் தாழ்த்தாமல் நீட்டி, பொருள் முடியவில்லை என்பதைக் கேட்பவருக்கு உணர்த்துதல்.

மேலே காட்டிய குறளை இம்முறையில் படித்தால், 'நில்லா' என்பதில் நிற்காமல் 'நில்லாதொழுகும்' என்று ஒரே மூச்சில் சென்று, 'நிறைவில்லை' என்பதில் பொருளும் அடியும் ஒருங்கே முடிவதால் நன்கு நின்று, பின் இரண்டாம் அடியைச் சொல்லலாம். அந்த நிற்றல் இருந்தால்தான், அடுத்து வரும் 'சொல்லாத சொல்' எது என்று கேட்பவர் எண்ணத் தொடங்குவார்.